புறநகரில் தனி வீடு: முன்பணம் கொடுப்பதற்கு முன் இடத்தைப் பற்றி என்னென்ன விசாரிக்க வேண்டும்?

கேள்வி: தாழ்வாரம்

அனைவருக்கும் வணக்கம். ஒன்பது ஆண்டுகள் நகரத்தின் நடுவே வாடகை வீட்டில் இருந்துவிட்டோம். இப்போது புறநகரில் ஒரு தனி வீடு வாங்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். நான், மனைவி, பள்ளிக்குச் செல்லும் இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியால் மெதுவாக நடக்கும் என் தாயார் என வீட்டில் ஐந்து பேர். பல வாரங்கள் அலைந்த பிறகு ஒரு வீடு எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. ஏறத்தாழ இருபது ஆண்டுப் பழைய வீடு, தரைத்தளம் மட்டும்தான். அண்மையில் உள்ளும் புறமும் வண்ணம் பூசியிருக்கிறார்கள். பின்சுவரை அடுத்து வெற்று மனை ஒன்றும், அதற்கு அப்பால் ஒரு வாய்க்காலும் இருக்கின்றன.

இரண்டு முறை போய்ப் பார்த்தோம். இரண்டுமே ஞாயிற்றுக்கிழமை காலை. வேறொருவரும் கேட்டுக்கொண்டிருப்பதாகச் சொல்லி, மூன்று வாரத்துக்குள் முன்பணம் தரும்படி உரிமையாளர் கேட்கிறார். மழைக்காலத்தில் தண்ணீர் வந்ததுண்டா என்று நான் கேட்டதற்கு, இந்தப் பக்கம் தண்ணீரே தேங்காது என்றார். தரகரும் அதையே சொன்னார். விற்பனையில் இருவருக்குமே ஆதாயம் இருப்பதால் அந்தச் சொல்லை மட்டும் நம்பி எங்கள் வாழ்நாள் சேமிப்பைக் கொடுக்க மனம் ஒப்பவில்லை.

வீட்டுக்குள்ளே குழாய்களைத் திறந்து பார்த்தோம், சன்னல்களைச் சாத்திப் பார்த்தோம், மின்விளக்குகளைப் போட்டுப் பார்த்தோம். வீடு நிற்கும் இடத்தை எப்படிப் பார்ப்பது என்றுதான் தெரியவில்லை. எதை முதலில் விசாரிக்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும், நாங்களே செய்யக்கூடியவை எவை, வல்லுநரிடம் ஒப்படைக்க வேண்டியவை எவை என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் மிகவும் உதவியாக இருக்கும்.

மறுமொழி: நீர்மட்டம்

தம்பிக்கு வணக்கம். கட்டட வேலையில் மேற்பார்வையாளராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன் நான். வீட்டில் பிடிக்காத எதையும் பிற்காலத்தில் இடித்தோ பூசியோ மாற்றிக்கொள்ள முடியும்; நிலம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது, மழைநீர் எந்தப் பக்கமிருந்து வந்து எந்தப் பக்கமாகப் போகிறது என்பதை வாங்கியவரால் மாற்ற முடியாது. ஆகவே உங்களிடம் இருக்கும் மூன்று வாரத்தில் முதல் வாரத்தைத் தண்ணீருக்கே கொடுங்கள்.

நீங்கள் எழுதியதில் இரண்டு செய்திகள் என் கண்ணில் பட்டன. ஒன்று புது வண்ணம், மற்றொன்று பின்னாலுள்ள வாய்க்கால். விற்கும் முன் வண்ணம் பூசுவது உலக வழக்கம், அதில் குறை காண்பதற்கில்லை. ஆனால் வெள்ளம் விட்டுச்சென்ற தடத்தை வண்ணத்தால் முழுவதும் மறைக்க முடியாது. மரக்கதவுகளிலும் சுவர் அலமாரிகளிலும் உள்ள கீல்களைப் பாருங்கள். ஒரே கதவில் மேல் கீல் பளபளப்பாக இருந்து, கீழ்க் கீல் மட்டும் துருவேறிச் செதில் செதிலாக உதிர்ந்தால், அந்த உயரம் வரை தண்ணீர் நின்றிருக்கிறதோ என்று ஐயப்பட வேண்டும். சமையலறை மேடைக்கு அடியிலுள்ள தட்டுகளின் பின்பலகையைக் கைவிளக்கு அடித்துப் பாருங்கள். அங்கே வண்ணம் பூசுபவர் தூரிகையை நீட்டுவதில்லை. மின் இணைப்புப் பெட்டிகள் எல்லா அறைகளிலும் இடுப்புக்கு மேலே மாற்றி வைக்கப்பட்டு, கீழே பழைய துளைகளை அடைத்த தடம் தெரிந்தால், ஏன் மாற்றினீர்கள் என்று நேரடியாகக் கேளுங்கள். சுவரின் அடிப்பகுதியில் வெண்மையாக உப்புப் பூத்திருப்பது மட்டும் வெள்ளத்துக்குச் சான்றாகாது. நிலத்தடி ஈரம் மேலே ஏறினாலும் அப்படிப் பூக்கும். அதற்கு மருத்துவம் உண்டு.

அடுத்து வாய்க்கால். அதன் அருகே நின்று பார்ப்பது போதாது. அது எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று ஒரு கிலோமீட்டராவது நடந்து பாருங்கள். மேலே அகலமாக வரும் வாய்க்கால் கீழே ஒரு சிறுபாலத்துக்குள் குறுகிய குழாயாக நுழைந்தால், பெருமழையில் தண்ணீர் அந்த வாயில் திணறி, பின்னோக்கி ஏறி, தாழ்வான மனைகளைத் தேடிப் போகும். குழாய் வாயில் சிக்கிய குப்பையும் கிளைகளும் எந்த உயரத்தில் தொங்குகின்றன என்று கவனியுங்கள். பின்னாலுள்ள வெற்று மனையில் கோரையும் சம்பும் முளைத்திருந்தால் அந்த மண் ஆண்டின் பெரும்பகுதி ஈரமாக இருக்கிறது என்று பொருள். செடி யாருக்காகவும் பொய் சொல்வதில்லை.

பழைய படங்களையும் பாருங்கள். கூகுள் எர்த்தில் முந்தைய ஆண்டுகளின் படங்களுக்குப் பின்னோக்கிச் செல்லும் வசதி இருக்கிறது. லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் 1972 முதல் பூமியைப் படமெடுத்து வருகின்றன. அந்தப் படங்கள் யாவும் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் ஒரு புள்ளியே பல பத்து மீட்டர் அகலம் என்பதால் வீடு தெரியாது. ஆனால் இன்று தெருவாக இருக்கும் இடத்தில் அன்று பெரிய நீர்நிலை இருந்திருந்தால் அது தெரிந்துவிடும். நிரப்பிய குட்டையின்மேல் கட்டிய வீட்டுக்கு இரண்டு துன்பங்கள் உண்டு: தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடி வரும், நிரப்பிய மண் சீராக இறுகாமல் ஒரு மூலை மட்டும் அமிழும். ஒரு மூலை அமிழ்ந்தால் செங்கல் வரிசையை ஒட்டிப் படிக்கட்டுப் போலச் சாய்ந்து ஏறும் வெடிப்பு தோன்றும், கதவு நிலையில் இடிக்கத் தொடங்கும். மயிரிழை போன்ற பூச்சு வெடிப்புகளைக் கண்டு அஞ்ச வேண்டாம். ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் வாய் பிளந்த வெடிப்போ, ஒரு முனையில் மெல்லியதாகவும் மறு முனையில் அகன்றும் இருக்கும் வெடிப்போ தெரிந்தால், கட்டமைப்புப் பொறியாளர் பார்க்காமல் ஒரு காசும் கொடுக்க வேண்டாம். ஈரத்தில் உப்பி வறட்சியில் சுருங்கும் களிமண் நிலத்திலும் இத்தகைய வெடிப்புகள் வரும்.

அரசு வெளியிடும் வெள்ள அபாய வரைபடம் உங்கள் பகுதிக்கு இருந்தால் கட்டாயம் பாருங்கள். அதில் நூறாண்டு வெள்ளம் என்ற தொடர் வரும். நூறு ஆண்டுக்கு ஒருமுறைதானே, நம் காலத்தில் வராது என்று படித்தவர்களே தவறாக எண்ணிக்கொள்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் நூற்றில் ஒரு வாய்ப்பு உண்டு என்பதுதான் அதன் பொருள். முப்பது ஆண்டுக் கடன் கட்டும் காலத்தில் ஒருமுறையேனும் அது வருவதற்கு ஏறத்தாழ 26 விழுக்காடு வாய்ப்பு, அதாவது நான்கு வீடுகளில் ஒன்று. வேகமாக ஓடும் தண்ணீர் 15 சென்டிமீட்டர் இருந்தாலே வளர்ந்தவரின் காலை வாரிவிடும், 30 சென்டிமீட்டரில் சிறிய கார் மிதக்கத் தொடங்கும். மெதுவாக நடக்கும் தாயாரை வைத்துக்கொண்டு இந்த அளவுகளை எளிதாக எடுத்துக்கொள்ள முடியாது.

கடைசியாக, நீங்களே செய்யக்கூடிய ஓர் அளவு. கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் லெவல், அதாவது ஒளி ஊடுருவும் நீளமான பிளாஸ்டிக் குழாய் ஒன்றை வாங்கித் தண்ணீர் நிரப்புங்கள். உள்ளே ஒரு காற்றுக்குமிழி இருந்தாலும் அளவு பொய்யாகிவிடும். ஆகையால் குழாயை விரலால் தட்டித் தட்டிக் குமிழிகளை வெளியேற்றுங்கள். ஒரு முனையை வீட்டு வாசற்படியிலும் மறு முனையைத் தெருவின் நடுவிலும் பிடித்தால், இரண்டிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அந்த மட்டத்திலிருந்து வீட்டுத் தரைக்கும் தெருவுக்கும் எவ்வளவு இறக்கம் என்று அளந்துவிடுங்கள். சாலைகளை மறுபடி மறுபடி போடும்போது பழையதைச் சுரண்டாமல் மேலேயே போடுவதால் தெரு உயர்ந்துகொண்டே போகிறது, வீடு அப்படியே இருக்கிறது.

மறுமொழி: நடைபாதை

ஐயா தண்ணீரைப் பற்றி விரிவாகச் சொல்லிவிட்டார்கள். அன்றாட வாழ்க்கையைப் பற்றி நான் எழுதுகிறேன். நீங்கள் இரண்டு முறையும் ஞாயிறு காலையில் போனதாகப் படித்தவுடன் எனக்கு என் வீட்டு நினைவு வந்தது. நாங்களும் மூன்று ஞாயிறுகள் போய்ப் பார்த்து, அமைதியாக இருக்கிறது என்று மகிழ்ந்து வாங்கினோம். குடிபுகுந்த மறுநாள் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குப் பின்தெருவிலிருந்து கல் அறுக்கும் இயந்திரத்தின் ஓசை தொடங்கியது. அந்தப் பட்டறைக்கு வார விடுமுறை ஞாயிறு ஒரு நாள்தான். பதினோரு ஆண்டுகளாகச் சன்னலைச் சாத்தியே வைத்திருக்கிறேன், கொடியில் உலர்த்திய துணியைத் தினமும் இருமுறை உதறி மடிக்கிறேன். விற்றவர் எதையும் மறைக்கவில்லை. நாங்கள் வேலைநாளில் போய்ப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஆகையால் ஒரு வேலைநாள் காலை ஏழு முதல் ஒன்பது வரை, அதே நாள் மாலை விளக்கு வைக்கும் நேரம், ஒரு நாள் இரவு பதினொரு மணிக்கு மேல், மழை பெய்தால் மழையோடு மழையாக என்று குறைந்தது நான்கு வேளைகளில் அந்தத் தெருவில் நில்லுங்கள். இரவில் தெருவிளக்கு எந்த வீட்டோடு முடிகிறது, நாய்கள் எப்படி, சரக்கு வண்டிகள் எப்போது போகின்றன, கடைசிப் பேருந்தில் இறங்குபவர் எந்த வழியாக நடந்து வருகிறார் என்பவை பகலில் தெரியாது.

தொலைவைக் கிலோமீட்டரில் கேட்காதீர்கள், கடிகாரத்தில் கேளுங்கள். விளம்பரத்தில் நிலையத்திலிருந்து பத்து நிமிடம் என்று இருந்தால், அது போக்குவரத்தே இல்லாத நேரத்தில் வண்டியில் வந்த கணக்காக இருக்கலாம். நலமான ஒருவர் நிமிடத்துக்கு ஏறத்தாழ எண்பது மீட்டர் நடப்பார்; அப்படியானால் பத்து நிமிடத்துக்கு எண்ணூறு மீட்டர். உங்கள் தாயாரால் அதில் பாதி முடியுமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். அவரையே அழைத்துச் சென்று, மருந்துக்கடை வரையிலும் நிறுத்தம் வரையிலும் ஒருமுறை நடக்கச் சொல்லுங்கள். இடையில் அகன்ற சாலை ஒன்றைக் கடக்க வேண்டியிருந்து, அங்கே சிக்னலோ மேடோ இல்லையென்றால், வரைபடத்தில் முந்நூறு மீட்டரில் இருக்கும் கடை அவரைப் பொறுத்தவரை இல்லாத கடைதான்.

பள்ளி அருகில் இருக்கிறது என்பதும் பள்ளியில் இடம் இருக்கிறது என்பதும் வெவ்வேறு. உங்கள் பிள்ளைகளின் வகுப்பில் நடுவாண்டில் சேர்ப்பார்களா, அந்தத் தெரு அவர்களுடைய சேர்க்கை எல்லைக்குள் வருகிறதா என்று பள்ளி அலுவலகத்திலேயே கேளுங்கள். மருத்துவமனையிலும் அப்படித்தான்: இரவில் அவசர சிகிச்சை மருத்துவர் இருப்பாரா, இல்லையென்றால் அடுத்தது எவ்வளவு தொலைவு என்று கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

ஓசையைப் பற்றி இன்னொன்று. நெடுஞ்சாலை இரண்டு தெரு தள்ளித்தானே இருக்கிறது என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். இடையில் தடுப்பு எதுவும் இல்லாவிட்டால், ஓயாது வண்டிகள் ஓடும் சாலையிலிருந்து இருமடங்கு தொலைவு விலகினாலும் ஓசை ஏறத்தாழ மூன்று டெசிபல்தான் குறையும். நம் காதுக்கு ஓசை பாதியாகக் குறைந்ததுபோல் தோன்றவே பத்து டெசிபல் குறைய வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், சாலை ஓசை இரவில் வீட்டின் வெளிப்புறத்தில் 45 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது. கைபேசிச் செயலியின் அளவு துல்லியமாக இராது. ஆனாலும் நீங்கள் இப்போது குடியிருக்கும் வீட்டையும் வாங்கப்போகும் வீட்டையும் ஒரே கைபேசியால் ஒரே நேரத்தில் அளந்து ஒப்பிட்டால் ஒரு தெளிவு கிடைக்கும்.

நாற்றம் காற்றின் திசையைப் பொறுத்தது. குப்பைக்கிடங்கோ கழிவுநீர் நிலையமோ சில கிலோமீட்டருக்குள் இருந்தால், ஆண்டின் எந்த மாதங்களில் அந்தப் பக்கக் காற்று வீசுகிறது என்று அங்கே வாடகைக்கு இருப்பவர்களிடம் கேளுங்கள். சொந்த வீட்டுக்காரர் தம் தெருவின் மதிப்பு குறையுமே என்று தயங்குவார். வாடகைக்கு இருப்பவர் உள்ளதைச் சொல்வார்.

மறுமொழி: கூடத்துவிளக்கு

மேலே எழுதிய இருவர் மீதும் மதிப்பு வைத்தே சொல்கிறேன். இவ்வளவையும் பார்த்தால் யாராலும் எந்த வீட்டையும் வாங்க முடியாது. குறையே இல்லாத இடம் என்று ஒன்று கிடையாது. நகரத்துக்குள் இருந்தால் நெரிசல், வெளியே போனால் தொலைவு. இந்த வீடு ஐந்து பேருக்கும் பிடித்திருக்கிறது என்பதும் சிறிய செய்தி இல்லை. மூன்று ஆண்டுகள் ஆராய்ந்துகொண்டே இருந்து, கைக்கு எட்டிய வீடுகளையெல்லாம் நழுவவிட்ட குடும்பம் ஒன்றை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். எந்தக் குறையோடு நம்மால் வாழ முடியும், எதனோடு முடியாது என்று வீட்டிலுள்ளவர்கள் முதலில் உட்கார்ந்து பேசி எழுதிக்கொள்வது நல்லது. அந்தத் தாளோடு போய் விசாரித்தால் விசாரணைக்கு ஓர் எல்லை இருக்கும்.

மறுமொழி: ஏட்டுக்கட்டு

கூடத்துவிளக்கு அவர்கள் சொல்வது சரியே. ஆனால் அந்தத் தாளில் எழுதும் குறைகளை அவற்றின் பெயரால் பிரிக்காமல், சரிசெய்ய முடியுமா என்பதைக் கொண்டு பிரிக்க வேண்டும் என்பது என் கருத்து. கூரை ஒழுகல், பழைய மின்கம்பிகள், சுவர் ஓதம் ஆகியவை பயமுறுத்தும். ஆனால் செலவை முன்கூட்டியே கணக்கிட்டு விலையில் கழிக்கலாம். தாழ்வான நிலம், பக்கத்துப் பட்டறை, மண்ணுக்குள் புதைந்திருப்பது ஆகியவற்றை எந்த விலையாலும் ஈடுகட்ட முடியாது.

நான் ஆவணங்கள் பார்க்கும் தொழிலில் இருப்பவன். என் பங்குக்குச் சில.

பின்னாலுள்ள வெற்று மனை யாருடையது, அதில் என்ன வரப்போகிறது என்பதுதான் உங்களுக்கு முக்கியமான கேள்வி. உள்ளாட்சியின் திட்டமிடல் பிரிவில் அந்த நிலம் எந்தப் பயன்பாட்டுக்கு வகைப்படுத்தப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். குடியிருப்பு என்றிருந்தால் எத்தனை மாடி வரை, தொழில் என்றிருந்தால் எத்தகைய தொழில் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். சாலை விரிவாக்கத்துக்காகவோ இருப்புப்பாதைக்காகவோ கோடு போட்டு வைத்திருக்கிறார்களா, உயர் அழுத்த மின்பாதைக்கோ எரிவாயுக் குழாய்க்கோ உங்கள் மனையின் குறுக்கே உரிமை கொடுக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இப்படிப்பட்ட உரிமை இருந்தால், உங்கள் பெயரில் உள்ள நிலமே ஆனாலும் அந்தப் பட்டையில் நீங்கள் அறை கட்ட முடியாது. வாய்க்காலிலிருந்து எத்தனை மீட்டர் விட்டுக் கட்ட வேண்டும் என்ற விதி அங்கே இருந்தால், இப்போதுள்ள வீடு அதை மீறாமல் இருக்கிறதா என்பதும் தெரிய வேண்டும். உரிமையாளர் காட்டும் வரைபடத்தை மட்டும் பார்த்து நிறைவடையாமல், அளவையாளரை வைத்து எல்லையை அளந்து, எல்லைக்கற்களை நேரில் பாருங்கள்.

உரிமைத் தொடர்ச்சியையும் வில்லங்கத்தையும் வழக்கறிஞர் பார்ப்பார். அதைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. அந்த வழக்கறிஞரும், வீட்டை ஆய்வு செய்யும் பொறியாளரும் தரகர் பரிந்துரைத்தவர்களாக இல்லாமல் நீங்களே தேடிப் பணம் கொடுத்து அமர்த்தியவர்களாக இருக்கட்டும். வங்கி ஒருவரை அனுப்பி மதிப்பிடுகிறதே என்று சிலர் அமைதியாக இருந்துவிடுகிறார்கள். அவர் பார்ப்பது வங்கியின் கடனுக்கு அந்தச் சொத்து ஈடாகுமா என்பதைத்தான்; உங்கள் குடும்பம் அதில் நலமாக வாழுமா என்பது அவருடைய வேலை ஆகாது.

பலருக்குத் தோன்றாத ஒரு வழி காப்பீடு. முன்பணத்துக்கு முன்பே இரண்டு மூன்று காப்பீட்டு நிறுவனங்களிடம் அந்த முகவரியைக் கொடுத்து, வெள்ளத்தையும் சேர்த்து ஆண்டுக் கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள். ஒரே மாதிரியான வேறு வீட்டை விட மிகக் கூடுதலாகச் சொன்னாலோ, வெள்ளத்தை மட்டும் விலக்கினாலோ, அந்த இடத்தைப் பற்றிய கணக்கு அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது என்று பொருள். இதற்கு முன் இழப்பீடு கோரப்பட்டதா என்று உரிமையாளரிடம் எழுத்தில் கேட்பதும் நல்லது. வாயால் தயங்காமல் சொல்பவர் கையெழுத்திடத் தயங்கினால் அதுவே ஒரு பதில்.

மண்ணுக்குள் புதைந்திருப்பது என்று சொன்னேன். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், நயாகரா ஃபால்ஸ் நகரில் லவ் கெனால் என்றொரு பகுதி. பாதியில் கைவிடப்பட்ட கால்வாய் ஒன்றில் 1942 முதல் 1953 வரை ஏறத்தாழ 21,000 டன் வேதிக்கழிவைக் கொட்டி, மேலே மண்ணை மூடினார்கள். பிறகு அதன்மேல் ஒரு பள்ளியும் அதைச் சுற்றி வீடுகளும் எழுந்தன. வீடு வாங்கியவர்கள் பார்த்தது புல்வெளியும் பள்ளிக்கூடமும்தான். கழிவு நிலவறைகளுக்குள் கசிந்து, 1978-இல் நெருக்கடி நிலை அறிவித்துக் குடும்பங்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று. பள்ளிக்குப் பக்கத்தில் வீடு என்பது நாம் எல்லோரும் விரும்பித் தேடும் வசதி என்பதால் இந்த நிகழ்ச்சி என் மனத்தை விட்டு அகல்வதே இல்லை. எல்லா இடமும் இப்படி என்று சொல்லவில்லை. அந்த நிலத்தில் முன்பு என்ன இருந்தது, சாயப்பட்டறையா, எண்ணெய்க் கிடங்கா, குப்பைமேடா, வயலா என்று பழைய வரைபடங்களிலும் வயதானவர்களிடமும் கேட்காமல் விடக்கூடாது என்றுதான் சொல்கிறேன்.

கிணற்று நீரையோ ஆழ்துளை நீரையோ குடிக்கப்போகிறீர்கள் என்றால் ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவுப்படி ஒரு லிட்டரில் நைட்ரேட் 50 மில்லிகிராமும், ஃபுளோரைடு 1.5 மில்லிகிராமும், ஆர்சனிக் 0.01 மில்லிகிராமும் தாண்டக்கூடாது. இவற்றில் எதையும் நாக்கால் கண்டுபிடிக்க முடியாது. பாறை நிலமாகவும் வீட்டுக்கு நிலவறை இருப்பதாகவும் இருந்தால் ரேடான் வாயுவையும் அளந்துகொள்ளலாம். நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைபிடித்தலுக்கு அடுத்தபடி முக்கியக் காரணமாகச் சொல்லப்படுவது அது, நிறமோ மணமோ இல்லாதது. அதைச் சரிசெய்ய முடியும் என்பதால் அளவு கூடுதலாக வந்தாலும் உடனே வீட்டைக் கைவிட வேண்டியதில்லை.

தாழ்வாரம் (கேட்டவர்)

ஐயாமார்களுக்கும் நடைபாதை அக்காவுக்கும் நன்றி. பத்து நாட்களாக நீங்கள் சொன்னபடி அலைந்துகொண்டிருக்கிறோம். தெரிந்தவற்றை எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலையிலும் வியாழன் இரவிலும் தெருவில் நின்றோம். ஓசை எங்கள் இப்போதைய வீட்டை விடக் குறைவு. அம்மா மருந்துக்கடை வரை நடந்து, நடுவில் ஒரு திண்ணையில் உட்கார்ந்து, திரும்பி வந்துவிட்டார், முடியும் என்கிறார். பள்ளியில் சின்னவளுக்கு இடம் உண்டு, பெரியவனுக்கு அடுத்த ஆண்டுதான். இவற்றோடு எங்களால் வாழ முடியும்.

வாய்க்காலோடு நானும் மனைவியும் நடந்து போனோம். மேலே இரண்டு மீட்டருக்குக் குறையாத அகலம். வீட்டிலிருந்து கீழ்ப்பக்கம் ஏறத்தாழ நானூறு மீட்டரில் சிறுபாலம். அதற்குள் இருப்பது ஒரே ஒரு குழாய், என் கையால் இரண்டு முழம்கூட வராது. குழாயின் மேல்விளிம்புக்கும் மேலே, பாலத்தின் கைப்பிடிக் கம்பியில் காய்ந்த வைக்கோலும் பிளாஸ்டிக் பைகளும் சுற்றிக் கிடந்தன. பக்கத்துத் தெருவில் வாடகைக்கு இருக்கும் ஒரு முதியவர் எதுவும் சொல்லாமல் தம் வீட்டுச் சுற்றுச்சுவருக்கு அழைத்துச் சென்று, தம் முழங்காலுக்குச் சற்றுக் கீழே கையை வைத்துக் காட்டினார். எந்த ஆண்டு என்று கேட்டதற்கு, இரண்டு முறை என்றார்.

நேற்று மறுபடி வீட்டுக்குள் போனபோது படுக்கையறை அலமாரியைத் திறந்து கீல்களைப் பார்த்தேன். மூன்று கீல்களில் அடியில் உள்ளது மட்டும் புதியது. வண்ணத்துக்கு அடியில் பழைய கீலின் துருக்கறை மரத்தில் அப்படியே இருக்கிறது. உரிமையாளரிடம் காட்டியபோது, விலையைக் குறைத்துக்கொள்ளலாம் என்று உடனே சொன்னார். கணிசமாகவே குறைக்கிறார். மனைவிக்கு வேண்டாம் என்று தோன்றுகிறது. எனக்கு, குறைத்த பணத்தில் தரையை உயர்த்திக்கொள்ளலாமே என்று ஒரு நப்பாசை. ஐயா, என்ன செய்யலாம்?

நீர்மட்டம்

தம்பி, தரையை உயர்த்துவது முடியாத வேலை இல்லை. எத்தனையோ வீடுகளுக்குச் செய்திருக்கிறேன். ஆனால் கூரை இருக்கும் உயரத்திலேயே இருக்கும், சன்னல்களும் நிலைகளும் மாற்ற வேண்டியிருக்கும், கழிவுநீர்க் குழாய்களின் சரிவு கெடும். வீட்டை முழுதாகத் தூக்குவதென்றால் அது வேறு செலவு. இவ்வளவும் செய்து உள்ளே தண்ணீர் வராமல் தடுத்தாலும், தெருவில் தண்ணீர் நிற்கும்போது நீங்கள் ஐந்து பேரும் உள்ளே அடைபட்டிருப்பீர்கள். தாயாருக்கு நள்ளிரவில் மூச்சுத்திணறல் வந்தால் மருத்துவ வண்டி எதுவரை வரும் என்று எண்ணிப் பாருங்கள். சிறுபாலத்தை அகலப்படுத்த உள்ளாட்சி ஒப்புதல் அளித்து, பணம் ஒதுக்கி, வேலை தொடங்கியிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். அதை மட்டும் ஏட்டுக்கட்டு அவர்கள் சொன்ன அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுவிடுங்கள். டியூப் லெவல் வைத்து அளந்தீர்களா?

தாழ்வாரம் (கேட்டவர்)

இன்று காலை அளந்தோம் ஐயா. பெரியவன் வாசலில் ஒரு முனையைப் பிடித்தான், நான் தெருவில் நின்றேன். முதல் முறை குமிழி இருந்ததால் மறுபடி நிரப்பி அளந்தோம். தெருவின் நடுப்பகுதி வீட்டுத் தரையை விடப் பதினெட்டு சென்டிமீட்டர் உயரம். சிறுபாலத்துக்கு எந்தத் திட்டமும் இல்லை என்று அலுவலகத்தில் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். உரிமையாளரைத் தொலைபேசியில் அழைத்து வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், அவரும் வாதிடவில்லை.

அதே பகுதியில், வாய்க்காலிலிருந்து தள்ளி, மேட்டுத் தெருவில் ஒரு வீடு விற்பனைக்கு வருவதாக அந்த முதியவர் சொல்லியனுப்பினார். எங்களுக்குப் பிடித்த வீட்டை விடச் சிறியது, சமையலறையில் வெளிச்சம் குறைவு, கூரையில் ஒரு மூலை ஒழுகுகிறதாம். புதன்கிழமை காலை ஏழு மணிக்கு, அம்மாவையும் டியூப் லெவலையும் கூட்டிக்கொண்டு போகிறோம்.